அறுநூறு கிலோபைட்

பொத்தான் போனில் இணையப் பக்கம் ஒன்றைக் கீழே தள்ளிக்கொண்டு போனால், புதிதாக வரவேண்டிய பகுதி உடனே வந்துவிடாது. திரை ஒரு கணம் வெளுத்துப்போகும். பிறகுதான் எழுத்துகள் வந்து விழும். அந்த ஒரு கண வெளுப்பை இல்லாமல் செய்ய றுஸ்திக்கு எட்டு மாதம் பிடித்தது.

அவன் வேலை செய்த கந்தோர் மட்டக்களப்பு கோட்டைமுனையில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். மலிவான பொத்தான் போன்களுக்கு உலாவி எழுதுவது அவர்களுடைய தொழில். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்தான் உலாவி. கந்தோரில் எல்லோரும் பிரவுசர் என்றுதான் சொல்வார்கள். போன் கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் போன்களோடு சேர்த்து விற்கும். பெரிய போன்களில் ஆயிரக்கணக்கான மெகாபைட் நினைவகம் கிடக்கிறது. இவர்கள் எழுதிய போனில் மொத்தமே முப்பத்திரண்டு. மற்ற வேலைகளுக்கு எடுத்தது போக உலாவிக்கு ஆறு மெகாபைட் மிஞ்சும். அந்த ஆறுக்குள் பக்கமும் படமும் தமிழெழுத்தும் எல்லாம் அடங்கவேண்டும்.

றுஸ்தி கண்டுபிடித்த வழி இதுதான். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் திரைக்கு மேலே இரண்டு திரை, கீழே இரண்டு திரை என்று நான்கு திரைகளை முன்கூட்டியே வரைந்து வைத்துவிடுவது. ஆள் பொத்தானை அழுத்தியதும் புதிதாக வரைய ஒன்றும் இருக்காது, தயாராக இருப்பதை நகர்த்தினால் போதும். ஒரு திரைக்கு நூற்றைம்பது கிலோபைட். நான்குக்கு அறுநூறு. நீளமான பக்கம் ஒன்று திறந்ததும் உலாவி அந்த அறுநூறையும் ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளும்; மூடும்வரை விடாது. துண்டு துண்டாக எடுத்து விட்டால் ஒவ்வொரு தடவையும் இடம் தேடுவதில் நேரம் போகும், பக்கம் தடுக்கித் தடுக்கி நகரும்.

ஏன் இவ்வளவு மினக்கெட்டான் என்று யாராவது கேட்டால் தொழில்நுட்பக் காரணம்தான் சொல்வான். உண்மையில் அது அவனுடைய உம்மாவிலிருந்து தொடங்கியது. ஏறாவூரில் அவர்களுடைய வீட்டில், ஆசியா உம்மா பின்னேரங்களில் பொத்தான் போனில் செய்தி வாசிப்பார். திரை வெளுக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வார். எழுத்து வந்திருக்கும் என்று தோன்றியதும் திறப்பார். றுஸ்தி அதைச் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். நான்கு திரை முறை வந்த பிறகு உம்மா கண்ணை மூடுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

உலாவியைப் பார்க்கவந்த போன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் முதலில் செய்தது பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்ப்பதுதான். "இவ்வளவு சின்னப் போனிலயா?" என்று கேட்பார்கள். கந்தோரை நடத்திய கனகசிங்கம் சேர் அப்போது றுஸ்தியின் பக்கம் திரும்பி ஒரு தடவை தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக றுஸ்தி இன்னும் எட்டு மாதம் உழைப்பான்.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை கந்தோர்த் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. எடுத்தது தனுஷியா. உலாவியைப் பரிசோதிப்பதும் முறைப்பாடுகளைக் கேட்பதும் அவளுடைய பொறுப்பு. பழுகாமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருகிறவள். எந்த முறைப்பாட்டையும் ஆள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைப்பது அவளுடைய பழக்கம்.

"புள்ள, நான் கரடியனாற்றுல இருந்து புஸ்பம் கதைக்கிறன். உங்கட இதில எழுதினதெல்லாம் போகுது."

"என்ன எழுதினீங்க அக்கா?"

"ஆனை வந்த கதைதான். எழுதி எழுதி அனுப்பப் போக்குள்ள ஒண்டும் இரிக்காது."

"எழுதி எவ்வளவு நேரத்தில போகுது?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? போற நேரம் போகுது."

தனுஷியா அதை அப்படியே எழுதிக்கொண்டு றுஸ்தியின் மேசைக்குப் போனாள். அவன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"அவ அனுப்பாம வெளிய வந்திருப்பா. பட்டன் மாறி அழுத்தியிருப்பா."

"அப்பிடித் தெரியல்ல றுஸ்தி நானா. தெளிவாத்தான் கதைச்சா." வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

றுஸ்தி தன் கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினான். உலாவி தானாக மூடப்பட்டால், ஆளின் பெயரோ எழுதியதோ எதுவும் இல்லாமல், மூடப்பட்டது என்ற செய்தி மட்டும் கந்தோருக்கு வரும். ஐந்து மாதத்துக்கு முன் ஆயிரம் தடவை திறந்தால் பத்தொன்பது தடவை அப்படி நடந்தது. இப்போது ஏழு. கோடு இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"இஞ்ச பாருங்க. இடையில ஒண்டும் மாத்தாமலே குறைஞ்சிரிக்கு. பிரவுசர் நல்லாத்தான் நிக்கிது."

ஒன்றும் மாற்றாமல் ஏன் குறைந்தது என்று அன்றைக்கு இருவரும் கேட்கவில்லை. குறைந்தால் நல்லதுதான் என்று இருந்துவிட்டார்கள்.

தனுஷியா கந்தோரிலேயே பரிசோதித்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். போனை மூடித் திறந்தாள். இன்னொரு போனிலிருந்து அழைத்தாள். பதில் சொல்லி வைத்தாள். எழுதியது அப்படியே இருந்தது. புஸ்பம் பாவித்த அதே படிவத்தைத் திறக்க முடியவில்லை. யானைச் சேதங்களைப் பதிந்து வேலி அமைக்க உதவும் ஒரு தொண்டு அமைப்பின் படிவம் அது. உள்ளே போக விவசாயச் சங்கத்தின் இலக்கம் வேண்டும். இரண்டாவது தடவை புஸ்பம் அழைத்தபோது தனுஷியா, "நாங்க வந்து பாக்கவா அக்கா?" என்று கேட்டாள். "வாங்களன்" என்றார் புஸ்பம்.

றுஸ்திக்குப் போக விருப்பம் இருக்கவில்லை. ஆனால் போகாமல் விட்டால் தன்னுடைய பகுதியில்தான் பிழை என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்கள் என்ற எண்ணம் வந்தது. சனிக்கிழமை பகல், தன் மோட்டார் சைக்கிளில் ஏறாவூரிலிருந்து செங்கலடிச் சந்திக்கு வந்து காத்திருந்தான். தனுஷியா இரவல் வாங்கிய ஸ்கூட்டியில் வந்தாள். இரண்டு வண்டியும் பதுளை வீதியால் கரடியனாற்றுக்குப் போயின.

புஸ்பத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெண்கள் விவசாயச் சங்கத்தின் செயலாளர். முற்றத்தில் வேம்புக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள் மூன்றைப் போட்டுவைத்திருந்தார். அவருடைய கணவர் வினாயகமூர்த்தி வயலுக்குப் போயிருந்தார். நெல் முற்றிக் கதிர் சாயும் நேரம். வட்டையில், அதாவது வயல்வெளியில், பகலிலும் ஆள் நிற்கவேண்டும். யார் எங்கே யானையைக் கண்டாலும் முதலில் புஸ்பத்துக்குத்தான் அழைப்பார்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். பன்னிரண்டு குடும்பங்களின் வயல் அந்த வட்டையில் இருந்தது. யானை போன பிறகு அந்தப் பன்னிரண்டு பேருக்குமான அறிக்கையைப் போனில் எழுதி அனுப்புவதும் அவர்தான்.

"நீங்க பெரிய போன் பாவிக்கிற இல்லையா?" என்று றுஸ்தி கேட்டான்.

"மகள்ட்ட ஒண்டு இரிக்கு தம்பி. அது காலத்தால சார்ஜ் போட்டா பின்னேரம் செத்திரும். இது நாலு நாளைக்கு நிக்கும். சேத்துக்க விழுந்தாலும் கழுவி எடுக்கலாம். ஆனை வாற காலத்தில செத்த போனை வச்சி நான் என்ன செய்யிற?"

"சரி அக்கா, நீங்க எழுதுற மாதிரியே ஒருக்கா எழுதுங்க. நாங்க பாக்கிறம்."

புஸ்பம் படிவத்தைத் திறந்தார். நீளமான படிவம், பன்னிரண்டு வயலுக்கும் தனித்தனிப் பெட்டி. முதல் பெட்டியில் எழுதினார்: யானை வந்தது. நெல் சேதம். அடுத்த பெட்டியிலும் அதையே. பன்னிரண்டையும் நிரப்பி அனுப்ப ஆறு நிமிடம் பிடித்தது. பிழை ஒன்றும் வரவில்லை. பதிவாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் செய்தி வந்தது.

றுஸ்தி தனுஷியாவைப் பார்த்தான். "சரியாத்தானே போகுது."

தனுஷியா புஸ்பத்தின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவ்வளவுதானா எழுதுவீங்க?"

"இப்ப இவ்வளவுதான். முதல்ல நல்லா எழுதினன் புள்ள. எந்தப் பக்கத்தால வந்த, எத்தினை வந்த, குட்டி இருந்ததா, எந்த வரம்பை உடைச்ச, எல்லாம் அவங்க கேக்கிற. எழுதி எழுதிக் கடைசியில இல்லாமப் போனா மறுகா முதல்ல இருந்து எழுத ஏலுமா? அதான் சுருக்கிற்றன். சுருக்கினா போறல்ல."

"அதால ஒண்டும் பிரச்சினை வரல்லையா?"

"வந்ததுதான். வேலி இந்த முறை வேற ஊருக்குப் போயிற்று. உங்கட அறிக்கையில பெரிய சேதம் ஒண்டும் இல்லையே எண்டாங்க. அவங்க எழுதினதத்தானே பாப்பாங்க." அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டதா என்று தொழுவத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இப்ப ஒருக்கா முழுசா எழுதிப் பாப்பமா? போன கிழமை நடந்தத எழுதுங்க" என்றாள் தனுஷியா.

புஸ்பம் மறுபடி படிவத்தைத் திறந்தார். இந்தத் தடவை அவர் எழுதிய விதமே வேறாக இருந்தது. போனை இரண்டு கைகளாலும் பிடித்து, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே பொத்தானை இரண்டு தரம், மூன்று தரம் அழுத்தி எழுதினார். மேலே போய் முன்பு எழுதியதைப் பார்ப்பார்; கீழே வருவார். பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்க்க றுஸ்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் நான்கு வயல் முடிந்திருந்தது. தனுஷியா அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தாள்: தெற்கு வரம்பால் மூன்று யானை, ஒன்று குட்டி. கதிர் உருவித் தின்றது கால் ஏக்கர், மிதித்தது அதைவிடக் கூட. வாய்க்கால் கரை எட்டு அடி உடைந்தது.

ஐந்தாவது பெட்டியில் நிற்கும்போது போன் அடித்தது. வினாயகமூர்த்தி.

"எவடத்த? குளக்கட்டுலயா? எத்தினை?" புஸ்பம் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். "நீங்க தனியப் போகாதீங்க. நான் சொல்லுறன்."

அழைப்பை முடித்துவிட்டு உடனேயே வேறு மூன்று பேருக்கு எடுத்தார். எல்லாரிடமும் ஒரே செய்தி: குளக்கட்டில் இரண்டு நிற்கிறது, வெடியை எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசி அழைப்பும் முடிந்த பிறகு உலாவியைத் திறந்தார். படிவம் இருக்கவில்லை. உலாவியின் முதற்பக்கம்தான் இருந்தது, யாரும் படிவத்தைத் திறந்தே பார்க்காததுபோல.

புஸ்பம் போனை றுஸ்தியின் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்க தம்பி. இதான்."

அதற்கு மேல் நிற்க அவருக்கு நேரமில்லை. வீட்டுக்குள் போய் மகளுடைய போனையும் யானை வெடிப் பையையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். "தேத்தண்ணி அடுப்பில இரிக்கு, ஊத்திக் குடியுங்க" என்று படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன நடந்தது என்று றுஸ்திக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. அழைப்பு வந்ததும் போனின் அழைப்புப் பகுதிக்கு உடனே அரை மெகாபைட் நினைவகம் தேவை. அது உலாவியிடம்தான் கேட்கும். கால் வினாடிக்குள் விட்டுக்கொடுத்தால் உலாவி தப்பும். இல்லாவிட்டால் போன் உலாவியைக் கொன்றுவிட்டு எடுத்துக்கொள்ளும். பக்கம் சின்னதாக இருந்தால் நான்கு திரையும் ஒதுக்கப்படாது, விட்டுக்கொடுக்க இடம் இருக்கும். கந்தோரில் தனுஷியா எழுதிய இரண்டு வரி அதனால்தான் தப்பியது. நீளமான படிவத்தில் அந்த அறுநூறு கிலோபைட்டும் ஒரே துண்டாகப் பூட்டப்பட்டுக் கிடக்கும். அவன் பூட்டிவைத்த பூட்டு.

குளக்கட்டுப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. தொழுவத்தில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன.

"றுஸ்தி நானா," என்றாள் தனுஷியா, "அந்தக் கோடு ஏன் இறங்கினெண்டு இப்ப விளங்குதா?"

"ஓம்."

"ஆக்கள் எழுதுறத விட்டுட்டாங்க."

"விளங்குது எண்டுதானே சொல்லுறன்."

அவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். தனுஷியா எழுந்துபோய் மூன்று கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிவந்தாள், ஒன்றை மூடிவைத்தாள். புஸ்பம் திரும்பிவர முக்கால் மணி நேரமானது. யானைகள் காட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. புஸ்பத்தின் சேலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சிற்றம் அக்கா. பிழை எங்களுடையதுதான்" என்றான் றுஸ்தி. என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் அவன் நான்கு திரையைத் தொடாமல் வேறு வழி தேடினான். முதலில், எழுதுவதைப் பத்து வினாடிக்கொரு தடவை போனின் சேமிப்பில் பதிந்துவைக்கும்படி செய்தான். உலாவி செத்தாலும் எழுத்து மிஞ்சும். ஆனால் அந்தப் போனில் சேமிப்பு மெதுவானது. பதியும் நேரம் பொத்தான்கள் அரை வினாடி உறைந்தன. அந்த அரை வினாடிக்குள் அழுத்தியது காணாமல் போனது. மூன்று தரம் அழுத்திய இடத்தில் இரண்டு தரம்தான் பதிவானது. தனுஷியா "வரம்பு" என்று எழுதினால் வேறு ஏதோ வந்தது. எழுத்து மிஞ்சினாலும் பக்கத்தை மறுபடி இறக்கவேண்டும். கரடியனாற்றில் சிக்னல் இருக்கும் நேரமும் உண்டு, இல்லாத நேரமும் உண்டு.

பிறகு அறுநூறையும் சிறு துண்டுகளாக உடைத்து எடுக்கப் பார்த்தான். அழைப்பு வந்தால் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தது, ஆனால் கால் வினாடிக்குள் எல்லாவற்றையும் கொடுத்து முடிக்க முடியவில்லை. பத்துத் தடவை அழைத்தால் நான்கு தடவை உலாவி செத்தது. படங்களிலும் எழுத்துருவிலும் சுரண்டி எடுத்துப் பார்த்தான். ஒரு வாரம் சுரண்டியதில் தொண்ணூறு கிலோபைட் கிடைத்தது. அந்தக் கிழமை முழுவதும் மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் எடுத்தான். உம்மா கட்டிக்கொடுத்த மீன்கறி புளித்துப்போய் ஒரு நாள் அப்படியே திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் கனகசிங்கம் சேர் அவனைக் கூப்பிட்டார். புதிய போன் கம்பெனி ஒன்று உலாவியைப் பார்க்க வருகிறது, இன்னும் மூன்று கிழமைதான்.

"அந்த ஸ்க்ரோலில மட்டும் கை வச்சிராதீங்க றுஸ்தி. அவங்க அதத்தான் கேள்விப்பட்டு வாறாங்க."

"சரி சேர்" என்றான் அவன்.

வெளியே வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. தானாக மறுக்கவில்லை, மேலே இருந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். இனி யாரும் அவனைக் கேட்க முடியாது. மேசைக்கு வந்து, கம்பெனிக்காரருக்குக் காட்டவேண்டிய பக்கங்களைத் தயாரிக்கத் தொடங்கினான். மூன்றாவது பக்கத்தில் வழக்கமாக அந்த வரைபடம் வரும். பத்தொன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கும் கோடு. அதை எடுத்து வைக்கப்போனவன் கையை நிறுத்தினான்.

கோட்டைப் பார்க்கப் பார்க்கப் புஸ்பம் பன்னிரண்டு பெட்டியிலும் ஒரே வசனத்தை நிரப்பியதுதான் கண்ணில் நின்றது. இந்தப் போன் இருபதாயிரத்துக்கு மேல் விற்றிருந்தது. கோடு இறங்கியது ஒரு புஸ்பத்தால் அல்ல.

அவன் எழுந்துபோய்த் தனுஷியாவிடம் கேட்டான். "ஆக்கள் என்ன எழுதுறாங்கெண்டு நாம எடுக்கிற இல்ல. எழுதுற பெட்டி எவ்வளவு நேரம் திறந்திரிக்கு எண்டு வருகுதா?"

"வரும். நான் ஒருக்காலும் பாத்ததில்ல."

இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நீளமான படிவங்களில் ஆட்கள் எழுதிய நேரம் ஐந்து மாதத்துக்கு முன் சராசரி பதினொரு நிமிடம். இப்போது மூன்று. அந்தக் கோடும் மற்றக் கோட்டோடு சேர்ந்தே இறங்கியிருந்தது. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு றுஸ்தி கனகசிங்கம் சேரின் அறைக்குக் கொண்டுபோனான். தனுஷியா கூட வரவில்லை. அவன் தனியாகப் போவதுதான் சரி என்று அவளுக்குப் பட்டது.

சேர் தாளை நெடுநேரம் பார்த்தார். வங்கியில் இருந்த நல்ல வேலையை விட்டு இந்தக் கந்தோரைத் தொடங்கியவர். ஏழு பேருக்கும் மாதம் முடியச் சம்பளம் கொடுக்கவேண்டியவர்.

"இத எனக்குக் காட்டாம விட்டிருக்கலாம் நீங்க."

"ஓம் சேர்."

"நாலு திரையையும் எடுத்தா எப்பிடி இரிக்கும்?"

"பழையபடி வெளுக்கும். ஆனா போன் கோல் வந்தா பிரவுசர் சாகாது. நான் நூறு தரம் அடிச்சுப் பாத்தன். ஒருக்காலும் சாகல்ல."

"அப்ப நீங்க ஏற்கனவே எடுத்துப் பாத்திற்றீங்க."

"பாத்தன் சேர்."

கனகசிங்கம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு மாதம் நீங்க கட்டினது. நீங்களே உடைக்கிறெண்டு வந்து நிண்டா நான் என்னத்தச் சொல்ல? செய்யுங்க. வாறவங்களுக்கு நீங்கதான் விளங்கப்படுத்தவேணும்."

நான்கு திரைக்கான வரிகளை நீக்க ஒரு பகல் போதுமாக இருந்தது. ஆயிரத்து நானூறு வரி. நீக்கியதைப் பழைய பதிப்புகளோடு பத்திரமாக வைத்திருந்தாலும், கடைசிப் பொத்தானை அழுத்துமுன் அவன் எழுந்து பின்பக்க யன்னலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றான். வாவியில் இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்து அழுத்தினான்.

அன்று பின்னேரம் வீட்டில் உம்மாவின் போனிலும் புதிய பதிப்பைப் போட்டான். தன்னுடைய வீட்டில் மட்டும் பழையதை வைத்திருப்பது சரியாகப் படவில்லை. உம்மா செய்தியைத் திறந்து கீழே தள்ளினார். திரை வெளுத்தது. அவர் கண்ணை மூடினார், திறந்தார், வாசித்துக்கொண்டே போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று றுஸ்திக்கு இருந்தது.

போன் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் எதிர்பார்த்தபடியே பக்கத்தை உருட்டினார். வெளுத்தது. மறுபடி உருட்டினார்.

"வழுக்கிக்கொண்டு போகும் எண்டு சொன்னாங்களே?"

"முன்ன போனது. இப்ப எடுத்திட்டம்" என்றான் றுஸ்தி. நீளமான ஒரு படிவத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தான். "இதில கொஞ்சம் எழுதுங்க. எழுதிக்கொண்டிருக்கக்குள்ள உங்கட மற்றப் போனால இதுக்கு ஒரு கோல் எடுங்க."

அவர் எழுதினார், அழைத்தார், கதைத்தார், வைத்தார். எழுதியது அப்படியே இருந்தது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது அப்பிடித்தானே இருக்கவேணும்?"

"ஓம்," என்றான் றுஸ்தி, "அப்பிடித்தான் இருக்கவேணும்."

மூலையில் நின்ற தனுஷியா சிரிப்பை அடக்க வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. றுஸ்தி பிறகு முழுக் கதையையும் சொன்னான்: அரை மெகாபைட், கால் வினாடி, இறங்கிய இரண்டு கோடுகள். யானையையும் சொன்னான். மூன்று பேரில் ஒருவர் மட்டும் குறிப்பெடுத்தார். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. தங்கள் மலிவான போன் மாதிரிக்கு இந்த உலாவியை எடுக்கிறார்கள். அடுத்த மாதிரியில் நினைவகம் இரட்டிப்பு. அதற்கு நான்கு திரையையும் திருப்பிப் போட்டுத் தரவேண்டும். கனகசிங்கம் சேர் எதிர்பார்த்த அளவில் பாதிதான் அது. ஆனால் கந்தோர் ஓடும்.

ஏற்கனவே விற்ற போன்களுக்குப் புதிய பதிப்பு பங்குனி நடுவில் போய்ச் சேர்ந்தது. மூடப்பட்ட தடவைகள் ஆயிரத்துக்கு இரண்டானது. றுஸ்தி அதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டான். அவன் காத்திருந்தது எழுதும் நேரத்தைக் காட்டிய மற்றக் கோட்டுக்கு. முதல் இரண்டு கிழமை அது அசையவில்லை. ஆட்கள் இன்னும் சுருக்கித்தான் எழுதினார்கள். எழுதியது இனி அழிந்துபோகாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே. தனுஷியா ஒரு வழி சொன்னாள். நீளமான படிவம் திறக்கும்போது மேலே ஒரே ஒரு வரி வரும்படி செய்தார்கள்: அழைப்பு வந்தாலும் நீங்கள் எழுதியது இருக்கும். அதற்குப் பிறகு கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. நான்கு நிமிடம். ஐந்து. சித்திரை முடிவில் ஏழு.

சிறுபோக விதைப்பு தொடங்கிய நாட்களில் ஒரு காலை தனுஷியா தொலைபேசியை றுஸ்தியின் பக்கம் நீட்டினாள். "கரடியனாறு. உங்களத்தான் கேக்கிறா."

"தம்பி, புஸ்பம் கதைக்கிறன். சுகமா?"

"சுகம் அக்கா. இப்ப எழுதினது போகுதா?"

"போறல்ல. பன்னிரண்டு பேருக்கும் முழுசா எழுதி அனுப்பினன். நடுவில மூணு கோல் வந்த, அப்பிடியே நிண்டிச்சி. போன செவ்வாய்க்கிழமை அவங்க வந்து தெற்குப் பக்கத்தை அளந்திட்டுப் போனவங்க. வேலி தாறெண்டு சொல்லல்ல, பாக்கிறம் எண்டிருக்காங்க."

"நல்லது அக்கா."

"நல்லதுதான். ஆனா தம்பி, இப்ப கீழ தள்ளக்குள்ள ஒரு வெள்ளை அடிக்கிது. கண்ணுக்குக் குத்துது. முன்ன அப்பிடி இருக்கல்ல. முன்ன நல்லா வழுக்கிக்கொண்டு போகும். அது ஏன்?"

றுஸ்தி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். எட்டு மாத வேலையில் இருந்த நன்மையை, அதைப் பாவித்த ஒருவர் தானாகச் சொல்லி அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அது எழுதினது நிக்கிறதுக்காக எடுத்தது அக்கா. ரெண்டையும் வைக்க அந்தப் போனில இடம் காணா."

"அப்பிடியா?" புஸ்பம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எழுதினதே நிக்கட்டும். ஆனா ஒருக்காப் பாருங்க, கொஞ்சமாவது ஏலுமா எண்டு."

"பாக்கிறன் அக்கா."

தொலைபேசியை வைத்துவிட்டு அவன் தனுஷியாவிடம் முறைப்பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கினான். புஸ்பம் சொன்னதை, வெள்ளை அடிக்கிது, கண்ணுக்குக் குத்துது என்று அவருடைய வார்த்தையிலேயே எழுதினான். சுரண்டி எடுத்த தொண்ணூறு கிலோபைட் இன்னும் சும்மா கிடந்தது. ஒரு திரைக்கு நூற்றைம்பது வேண்டும். கீழ்ப்பக்கம் மட்டும் அரைத் திரை வரைந்து வைத்தால் எழுபத்தைந்து போதும். பாதி வெளுப்பாவது குறையும். அழைப்பு வந்தால் விட்டுக்கொடுக்கவும் இடம் இருக்கும்.

"இண்டைக்குப் பின்னேரம் நூறு கோல் எடுக்க நேரம் இரிக்கா?" என்று தனுஷியாவிடம் கேட்டான்.

"இருநூறு எடுப்பம்" என்றாள் அவள்.